அண்ணன் பெயரிலேயே இருக்கும் காரில் கடலூரிலிருந்து குருகிராம் வரை போகலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 64, பணி ஓய்வு பெற்றவர். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வாழ்ந்த அவருடைய அண்ணன் 14 மாதங்களுக்கு முன்பு காலமானார். அண்ணனின் 2014ஆம் ஆண்டு டீசல் காரை, "சும்மாதானே நிக்குது தம்பி, நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்று காரியம் முடிந்த சில நாட்களிலேயே அண்ணி கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து கார் கடலூரில்.

முதல் வருஷத் திதி முடிந்துவிட்டது. சாவுக்கு வர முடியாத சொந்தங்களையும் அண்ணனின் நண்பர்களையும் அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது அண்ணியின் ஆசை. தை பிறந்ததும் கிளம்புவதாகத் திட்டம். பெங்களூரில் மனைவியின் தங்கை, புனேயில் அண்ணன் மகள், சூரத்தில் அண்ணனோடு வேலை பார்த்த நண்பர், ஜெய்ப்பூரில் பழைய பக்கத்து வீட்டுக்காரர், கடைசியாகக் குருகிராமில் அண்ணன் மகன். காரில் வாசகர், அவர் மனைவி, அண்ணி, வாசகருடைய தங்கையின் 19 வயது மகன் என நான்கு பேர். 87 வயது அம்மாவைத் தங்கை வீட்டில் விட்டுப் போகிறார்கள்.

எண் போட்டு நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். புதுச்சேரியின் பி.ஒய். நம்பர் பிளேட்டைப் பார்த்து மற்ற மாநிலங்களில் வரி கேட்பார்களா? போனில் இருக்கும் ஆவணங்களை வடக்கே ஒத்துக்கொள்வார்களா? எல்.எல்.ஆர். வைத்திருக்கும் மருமகன் இடையில் ஓட்டலாமா? சூரத் நண்பர் பாண்டிச்சேரியிலிருந்து இரண்டு பாட்டில் கேட்கிறார், எடுத்துப் போகலாமா?

கடைசிப் பக்கத்தின் அடியில் போகிற போக்கில் இன்னும் சில வரிகள்: "ஆர்.சி. இன்னும் அண்ணன் பெயரில்தான் இருக்கிறது. அவர் பெயரை எடுக்க மனசு வரவில்லை. தம்பி என்ற முறையில் நானும் வாரிசுதானே. இன்சூரன்சும் அவர் பெயரிலேயே ஆன்லைனில் கட்டிவிட்டோம், பழைய வண்டி என்பதால் தேர்டு பார்ட்டி மட்டும். என் லைசென்ஸ் பிப்ரவரி முதல் வாரம் முடிகிறது, ஒரு மாதம் கிரேஸ் உண்டு என்பதால் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்."

ஐயா, உங்களுடைய நான்கு கேள்விகளுக்கும் நாலு வரியில் பதில் சொல்லிவிடலாம். இந்தப் பதில் நீள்வது அந்தக் கடைசி வரிகளால்தான்.

ஆர்.சி.யும் அண்ணனும்

உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. போன் நம்பர், ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு என்று ஒவ்வொன்றிலும் போனவரின் பெயரை அடிப்பது இன்னொரு முறை காரியம் செய்வதுபோல இருக்கும். ஆனால் ஆர்.சி. நினைவுப் பொருள் இல்லை. விபத்து என்று ஒன்று நடந்தால் நீதிமன்றம் முதலில் தேடுவது அதில் இருக்கும் பெயரைத்தான்.

வண்டியின் உரிமையாளர் இறந்தால், வண்டியை வைத்திருப்பவர் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்திருந்தால், இறந்த நாளிலிருந்து மூன்று மாதம்வரை தன் பெயருக்கு மாறியதுபோலவே ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். நீங்கள் 14ஆம் மாதத்தில் இருக்கிறீர்கள்.

அடுத்தது வாரிசு. நிறையப் பேர் செய்கிற தவறு இது. திதி கொடுக்கும் குடும்பம் என்பதால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை வைத்தே சொல்கிறேன். உயில் இல்லாமல் ஓர் ஆண் இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகள் அவருடைய மனைவி, மகன், மகள், அப்புறம் தாய். உடன்பிறந்த தம்பி இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் தம்பியின் முறை வராது. ஆக, காரில் உங்களுக்குப் பங்கில்லை. ஆனால் நீங்கள் தங்கை வீட்டில் விட்டுப் போகப்போகிற உங்கள் அம்மாவுக்குப் பங்கு உண்டு. அண்ணிக்கு உண்டு, புனே மகளுக்கு உண்டு, குருகிராம் மகனுக்கு உண்டு. நேரில் பார்க்கப் போகிற இரண்டு பேரின் கையெழுத்து, நீங்கள் கிளம்புவதற்கு முன்பே உங்களுக்குத் தேவைப்படுகிறது.

நெடுஞ்சாலையில் உங்கள் கார் யாரையாவது இடித்துவிட்டால் பொறுப்பு அண்ணனின் பெயரில் ஏறும். அவர் இல்லாததால் அவர் விட்டுப்போன சொத்தின்மீது, அதாவது அந்த முத்தியால்பேட்டை வீட்டின்மீது போய் நிற்கும். ஓட்டிய உங்களையும் சேர்ப்பார்கள். அண்ணன்மேல் உள்ள பாசத்தில் அண்ணன் வீட்டையே பணயம் வைக்க வேண்டாம்.

இன்சூரன்ஸ்: பணம் கட்டியாச்சு, பாதுகாப்பு எங்கே?

வழக்கமான மோட்டார் பாலிசி, உரிமையாளர் இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் அல்லது பாலிசி முடியும் நாள், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான் நீடிக்கும். அதற்குள் வாரிசு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நீங்கள் செய்திருப்பது வேறு. இறந்தவரின் பெயரிலேயே புதுப்பித்திருக்கிறீர்கள். இணையதளம் ஓ.டி.பி.யைத்தான் கேட்கும், ஆள் இருக்கிறாரா என்று கேட்காது. நாளைக்கு இழப்பீடு என்று வரும்போது, இல்லாத ஒருவரோடு போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று நிறுவனம் சொல்லும். அந்த வாதத்தில் பலம் இருக்கிறது. அடிபட்ட மூன்றாம் நபருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் உங்கள் குடும்பத்திடம் வசூலித்துக்கொள் என்று தீர்ப்பாயம் உத்தரவிடவும் வாய்ப்புண்டு.

இதைவிட எனக்குக் கவலை தருவது 'தேர்டு பார்ட்டி மட்டும்' என்ற மூன்று சொற்கள். சொந்தக் காருக்கு எடுக்கிற அந்தப் பாலிசியில், காருக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் மூன்றாம் நபர் கணக்கில் வரமாட்டார்கள். சாலையில் நடந்துபோகிறவர் வருவார், எதிரே வந்த பைக்காரர் வருவார். பின் சீட்டில் இருக்கும் உங்கள் மனைவியும் அண்ணியும் வரமாட்டார்கள். காரின் விலையை நினைத்துக் கொஞ்சம் பணம் மிச்சம் பிடித்தீர்கள், காருக்குள் இருக்கும் ஆட்களை நினைக்கவில்லை. எத்தனையோ குடும்பங்கள் இந்தக் கணக்கைத்தான் போடுகின்றன.

உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் உங்களுக்குக் கிடைக்காது. ஆர்.சி.யில் பெயர் இருப்பவர் தானே ஓட்ட வேண்டும், பாலிசியும் அவர் பெயரில் இருக்க வேண்டும், லைசென்சும் செல்லுபடியாக வேண்டும். உங்களிடம் இப்போதைக்கு லைசென்ஸ் மட்டும் இருக்கிறது. அதுவும் பிப்ரவரி வரைதான்.

சரி, யார் பெயருக்கு மாற்றுவது?

இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, உங்கள் பெயருக்கு மாற்றுவது. முதலில் வாரிசுகளில் ஒருவர் பெயருக்கு மாற்றி, பிறகு அவர் உங்களுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். உங்கள் முகவரி கடலூர் என்பதால் புதுச்சேரியிலிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டில் சாலை வரி கட்டி, டி.என். 31 எண்ணுக்குப் போக வேண்டும். 2014 டீசல் காருக்கு இவ்வளவு செலவும் அலைச்சலும் தேவையா என்று யோசியுங்கள். அண்ணன் ஓட்டிய அந்த எண்ணும் போய்விடும்.

இரண்டாவது வழி, அண்ணி பெயருக்கு மாற்றுவது. அவர் முகவரி புதுச்சேரி, எண்ணும் புதுச்சேரி, ஆகவே அதே பி.ஒய். எண் தொடரும். இறப்புச் சான்று, வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கும் வாரிசுச் சான்று, மற்ற மூன்று வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரம், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவை வேண்டும். மகளும் மகனும் அவரவர் ஊரிலேயே நோட்டரியிடம் கையெழுத்திட்டுக் கூரியரில் அனுப்பலாம். அம்மாவிடம் விஷயத்தை நிதானமாகச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். தாமதத்துக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, கட்டிவிடலாம். கார் கடன் முடிந்தும் வங்கியின் பெயர் ஆர்.சி.யில் நீக்கப்படாமல் இருந்தால், வங்கியின் சான்றோடு படிவம் 35 கொடுத்து அதையும் இதே கையோடு முடித்துவிடுங்கள்.

என் யோசனை இரண்டாவது வழிதான். அண்ணன் வீட்டுக் கார் அண்ணன் வீட்டிலேயே இருக்கும், நீங்கள் ஓட்டுவீர்கள். பெயர் மாறியதும் அண்ணியின் பெயரில் முழுப் பாலிசி, அதாவது பேக்கேஜ் பாலிசி எடுங்கள். காருக்குள் இருப்பவர்களுக்கும் அதில் வழி உண்டு. அண்ணி கார் ஓட்டாதவர் என்பதால் உரிமையாளர்-ஓட்டுநர் காப்பீடு இங்கே உதவாது. உங்களுக்கென்று தனியாக ஒரு தனிநபர் விபத்துப் பாலிசி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபாஸ்டேக்கையும் மறக்க வேண்டாம். அது இன்னும் அண்ணனின் வங்கிக் கணக்கிலும் கைபேசி எண்ணிலும்தான் இருக்கும். கணக்கு முடங்கினால் சுங்கச்சாவடியில் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். புது ஆர்.சி. வந்ததும் புது ஃபாஸ்டேக் வாங்குங்கள். 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான வருடாந்திர பாஸ் உங்களைப் போன்றவர்களுக்கு லாபம். 200 முறை அல்லது ஓராண்டு, எது முன்னே வருகிறதோ அதுவரை. தேசிய நெடுஞ்சாலைகளில்தான் செல்லும். மும்பை–புனே விரைவுச்சாலை மாநில அரசு நிறுவனத்துடையது, அங்கே தனியாகக் கட்ட வேண்டும். வேகக் கேமராவில் சிக்கினால் வரும் இ-சலானும் இப்போது அண்ணனின் நம்பருக்குத்தான் போய்க்கொண்டிருக்கும். ஏற்கெனவே ஏதாவது நிலுவை இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பாருங்கள்.

உங்கள் லைசென்ஸ்

முன்பு ஒரு மாதச் சலுகை இருந்தது உண்மைதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் அதை நீக்கிவிட்டார்கள். தேதி முடிந்த மறுநாளே நீங்கள் லைசென்ஸ் இல்லாத ஓட்டுநர். அந்த நாளில் நீங்கள் ராஜஸ்தானில் எங்கேயாவது இருப்பீர்கள். அதே திருத்தம் ஒரு வசதியையும் கொடுத்தது: முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். பதிவு பெற்ற மருத்துவரிடம் படிவம் 1ஏ வாங்கி இந்த மாதமே விண்ணப்பியுங்கள். உங்கள் வயதுக்கு ஐந்தாண்டு கிடைக்கும். கண்ணையும் சர்க்கரையையும் பேருக்குப் பார்க்காமல் உண்மையாகவே பார்த்துக்கொள்ளுங்கள். போக மட்டும் 2,500 கிலோமீட்டருக்கு மேல், ஓட்டுவது நீங்கள் ஒருவரே.

இனி உங்கள் நான்கு கேள்விகள்

வரி: சொந்தக் காரில் மற்ற மாநிலங்களுக்குப் போய்வர பர்மிட்டும் வேண்டாம், வரியும் வேண்டாம். ஒரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால்தான் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். நீங்கள் கர்நாடகாவையும் மகாராஷ்டிராவையும் நினைத்துப் பயப்படுகிறீர்கள். ஆனால் அந்த 12 மாதக் கணக்கைத் தாண்டியிருப்பது கடலூரில்! அதனால்தான் சொல்கிறேன், பெயர் மாறிய பிறகு கார் நிற்க வேண்டிய இடம் முத்தியால்பேட்டை.

போனில் ஆவணங்கள்: டிஜிலாக்கரிலும் எம்-பரிவாகனிலும் இருப்பவை நாடு முழுக்க அசலுக்குச் சமம். சிக்னல் கிடைக்காத இடங்களுக்காக ஒரு ஜெராக்ஸ் செட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காவலர் எந்த ஆவணத்தையாவது எடுத்துக்கொண்டால் ரசீது கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

மருமகன்: எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டலாம். பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் உட்கார்ந்திருக்க வேண்டும், 'எல்' பலகை இருக்க வேண்டும். உங்களுக்கு ஓய்வு தேவைப்படும்போதுதான் அவரை ஓட்டச் சொல்வீர்கள், நீங்கள் தூங்கிப்போனால் அந்த நிபந்தனை அங்கேயே முடிந்தது. லாரிகள் வரிசைகட்டும் சாலை பழகும் இடமும் இல்லை. கிளம்புவதற்குள் அவர் முழு லைசென்ஸ் வாங்கினால்கூட ஊருக்குள் மட்டும் ஓட்டட்டும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் ஒரு ஆக்டிங் டிரைவரை அழைத்துப் போங்கள். பாலிசியில் சம்பள ஓட்டுநருக்கான பிரிவைச் சிறிய தொகை கட்டிச் சேர்க்கலாம்.

பாட்டில்: வேண்டாம். குஜராத்தில் 1960இல் மாநிலம் உருவானதிலிருந்தே மதுவிலக்கு இருப்பதை நண்பர் உங்களிடம் சொல்லியிருக்கலாம், அதனால்தானே கேட்கிறார். ஆனால் ஆபத்து சூரத்தில் தொடங்கவில்லை, புதுச்சேரி எல்லையான கோரிமேட்டைத் தாண்டியதுமே தொடங்குகிறது. புதுச்சேரிச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவதே வழக்குக்கு உரியது. முள்ளோடையிலும் ஆல்பேட்டையிலும் நிறுத்திப் பார்ப்பதை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். கடலூர் நீதிமன்றத்தில் மதுவிலக்கு வழக்குகளை நடத்தும் எங்களுக்குத் தெரியும், பாட்டில் போனதற்காக யாரும் அழுவதில்லை, வண்டி போனதற்குத்தான் அழுவார்கள். நண்பருக்கு ஒரு மைசூர்பாகு டப்பா போதும்.

நீங்கள் கேட்காத ஒன்று: தை மாதமும் டெல்லியும்

உங்கள் பாதை அழகான பாதை. கிருஷ்ணகிரியில் தேசிய நெடுஞ்சாலை 48ஐப் பிடித்தால் பெங்களூர், புனே, சூரத், ஜெய்ப்பூர், குருகிராம் எல்லாமே அதே எண்ணில்தான் வருகின்றன. சிக்கல் கடைசி ஊரில். குருகிராம் தேசியத் தலைநகர்ப் பகுதிக்குள் வருகிறது. அங்கே 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் விதித்த தடையை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2025 ஆகஸ்டில் அப்படிப்பட்ட வண்டிகள்மீது நடவடிக்கை வேண்டாம் என்று சொன்ன நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ். 4 என்ற மாசுத் தரத்திலும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று மாற்றியது. உங்கள் கார் பி.எஸ். 3ஆ 4ஆ என்பதை எம்-பரிவாகனில் பார்க்கலாம். மூன்று என்றால் ஜெய்ப்பூரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்கு என்றாலும் குளிர்காலத்தில் காற்று மாசு கூடும் நாட்களில் பி.எஸ். 4 டீசல் கார்களை டெல்லியிலும் குருகிராமிலும் ஓட்டத் தடை போடுவார்கள். தை மாதம் அதற்குச் சரியான காலம். போதாக்குறைக்கு மூடுபனி.

ஆகவே பங்குனிக்குத் தள்ளிப்போடுங்கள். ஆவணங்களை முடிக்கவும் அந்த இடைவெளி போதும். தையில்தான் போக வேண்டும் என்று அண்ணி பிடிவாதமாக இருந்தால், காரை ஜெய்ப்பூரில் அந்தப் பழைய பக்கத்து வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு ரயிலில் மகன் வீட்டுக்குப் போங்கள். அல்லது மகனே ஜெய்ப்பூருக்கு வரட்டும், அம்மாவைப் பார்க்க நாலைந்து மணி நேரப் பயணம் பெரிதில்லை.

வழியில் ஏதாவது நடந்தால்

அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பதும், 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிப்பதும் ஓட்டுநரின் சட்டக் கடமை. அடித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் நேராக அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போங்கள், ஊரைவிட்டு ஓடாதீர்கள். அவசரத்துக்கு 112, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு ஏழு நாட்களுக்குள் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை தரும் மத்திய அரசுத் திட்டம் 2025 முதல் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். உங்களில் யாருக்காவது அடிபட்டு இழப்பீடு கோர நேர்ந்தால் அதற்காகப் புனேக்கும் சூரத்துக்கும் அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, கடலூரிலோ புதுச்சேரியிலோ மனு போடலாம். ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவது நல்லது.

நாளைக் காலையில் முதல் வேலையாக அண்ணியோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் வாரிசுச் சான்றுக்கு எழுதிக்கொடுங்கள், அதுதான் இருப்பதிலேயே நாளாகும். கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த நகல்களில் எல்லாம் இருக்கிறது, புகைச் சான்றைத்தான் காணவில்லை. டேஷ்போர்டு பெட்டியில் இருந்தால் தேதியைப் பார்த்துவிடுங்கள்.